விலை கேட்கக் கூடாத வாடிக்கையாளர்

வெண்டைக்காய் கால் கிலோ வாங்கினாலும் விலையைக் குறைக்கச் சொல்லி மல்லுக்கு நிற்கும் நம் ஊர்ப் பாட்டி ஒருத்தி 2003இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தால், அந்தச் சட்டத்தைக் கிழித்துப் போட்டிருப்பாள். முதியோரின் மருந்துச் செலவுக்கு அரசு கைகொடுக்கும் சட்டம். 'மெடிகேர் பார்ட் டி' என்று பெயர். கோடிக்கணக்கான பெரியவர்களின் மருந்துச் சீட்டுக்கு அரசு பணம் தரும். ஆனால் மருந்துக் கம்பெனியிடம் விலையைக் குறைக்கச் சொல்லி அரசு வாயைத் திறக்கக் கூடாது. நான் கட்டிவிட்ட கதையல்ல. சட்டத்திலேயே அப்படி எழுதிவைத்தார்கள். அதே அரசின் முன்னாள் ராணுவத்தினர் நலத்துறை பேரம் பேசி மலிவாக வாங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆக, பேசத் தெரியாமல் இல்லை.

இவ்வளவு பெரிய தர்ம காரியம் நடுராத்திரியில்தான் நடந்தேறியது. நவம்பர் 22, விடியற்காலை மூன்று மணிவாக்கில் வாக்கெடுப்பு. வழக்கமாக 15 நிமிடத்தில் முடிவது. தோற்கிறோம் என்று தெரிந்ததும், சட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் கடிகாரத்தை மறந்தார்கள். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் இழுத்து, தூங்கி வழிந்த உறுப்பினர்களின் தோளில் கைபோட்டுப் 'புரியவைத்து', 220க்கு 215 என்று ஜெயித்தார்கள். பத்தாண்டுக்குச் சுமார் 40,000 கோடி டாலர் ஆகும் என்று சபைக்குச் சொன்னார்கள். 50,000 கோடியைத் தாண்டும் என்று அரசின் சொந்தக் கணக்கு நிபுணர் ரிச்சர்ட் ஃபாஸ்டர் போட்டுவைத்த கணக்கு வெளியே வரவில்லை. வந்தால் நடவடிக்கை பாயும் என்று மேலதிகாரி தாமஸ் ஸ்கல்லி அவரை எச்சரித்திருந்தார்.

சட்டத்துக்குத் தோள்கொடுத்த நாடாளுமன்றக் குழுத் தலைவர் பில்லி டாஸின் 2005 தொடக்கத்தில் மருந்துக் கம்பெனிகளின் சங்கத்துக்கே தலைவராகிவிட்டார். சம்பளம் ஆண்டுக்கு 20 லட்சம் டாலர் என்று செய்தி வந்தது. சட்டப்படி இதில் குற்றமே இல்லை. வயிறு எரிவதே அதனால்தான்.

பெரியவர்களுக்குக் கிடைத்தது என்ன? 2006 கணக்கைப் பாருங்கள். மாதாமாதம் பிரீமியம். முதல் 250 டாலர் சொந்தக் காசு. அப்புறம் மருந்துச் செலவு 2,250 டாலரைத் தொடும்வரை முக்கால் பங்கைத் திட்டம் தரும். அதைத் தாண்டினால் 5,100 டாலர் வரை ஒரு காசு கிடையாது. பிரீமியத்தை மட்டும் நிறுத்தாமல் கட்ட வேண்டும். அதற்கு மேலும் உயிரோடிருந்தால் திட்டம் மறுபடி கண் விழிக்கும். இந்தப் பள்ளத்துக்கு 'டோனட் ஓட்டை' என்று செல்லப் பெயர் வேறு! ஜலதோஷக்காரர் இதில் விழமாட்டார். இதயமும் சிறுநீரகமும் ஒன்றாகப் படுத்துக்கொண்டவர்தான் விழுவார். மாத்திரையை இரண்டாக உடைத்து நாளைக்கு எடுத்துவைப்பவரும் அவர்தான்.

அரசு வாயைத் திறக்க 19 ஆண்டு பிடித்தது. 2022 ஆகஸ்டில் பைடன் கையெழுத்திட்ட சட்டத்துக்குக் குடியரசுக் கட்சியில் ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. முதல் சுற்றில் பத்தே பத்து மருந்து. அதுவும் சந்தையில் பல வருஷம் அறுவடை முடித்தவை. புதிய விலையோ 2026 ஜனவரியில்தான். அதற்கே கம்பெனிகள் கோர்ட்டுக்கு ஓடின. மிரட்டிப் பணம் பறிப்பதற்குச் சமம் என்று மனுவில் புலம்பியது மெர்க். அதன் சர்க்கரை மாத்திரை ஜனுவியா, 30 நாளுக்குப் பட்டியல் விலை 527 டாலர். பேரத்தில் 113. இங்கே காப்புரிமை தீர்ந்ததும் 2022இல் நம் மக்கள் மருந்தகத்துக்கு அதே மருந்து வந்தது. 50 மில்லிகிராம், பத்து மாத்திரை 60 ரூபாய். யார் யாரைப் பறித்தார்கள் ஐயா?

2025இல் பெரியவர் கையிலிருந்து அந்த ஆண்டு 2,000 டாலருக்கு மேல் போகாது என்று உச்சவரம்பு வந்தது. நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதே ஆண்டு ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட தடித்த சட்டத்தின் ஒரு மூலையில், அரிய நோய்களுக்கான மருந்துகள் இன்னும் பலவற்றுக்குப் பேரத்திலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த விலையை யாரும் கேட்க வேண்டாம். பில் வந்தால் கட்டினால் போதும்.