கூரையைப் பிரித்தால் கூட்டம் வருமா?

கேள்வி: ஈயாடும் மால்களின் கூரையைப் பிரித்துத் திறந்தவெளிக் கடைவீதி ஆக்கினால் பிழைக்குமா?
– வாசகர், விவேக் நகர், பெங்களூரு

பதில்: பிழைத்திருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் லேக்வுட்டில், 1966-ல் திறந்த வில்லா இத்தாலியா மால் 2001-ல் மூடப்பட்டது. பெரும்பகுதியை இடித்துத் தெருக்கள் போட்டார்கள். 2004-ல் பெல்மார் என்ற பெயரில் திறந்தார்கள். கடைகளோடு வீடு, அலுவலகம், பூங்கா எல்லாம் உண்டு. ஷாப்பிங் செய்யாதவரும் அங்கே நடமாடுகிறார். சூட்சுமம் அதில்தான், கூரையில் இல்லை.

சென்னை ஸ்பென்சர் பிளாசா மாலில் இது எளிதல்ல. கடைகளைத் தனித்தனியாக விற்றுவிட்டார்கள். இடித்துக் கட்டப் பல உரிமையாளர்கள் சம்மதிக்க வேண்டும்.

உங்கள் விவேக் நகர் குழந்தை இயேசு ஆலய வாசலை வியாழக்கிழமை பாருங்கள். ஏசி இல்லை, எஸ்கலேட்டர் இல்லை. மெழுகுவத்தியும் பூமாலையும் விற்கும் கடைகளைச் சுற்றி ஜே ஜே என்று கூட்டம். ஜெபிக்க வந்தவர்கள், போகிற போக்கில் வாங்குகிறார்கள். வருவதற்கு ஒரு காரணம் இருந்தால் வியாபாரம் தானே நடக்கும்.

மால் முதலாளிகளே, இடிப்பதற்கு முன் நிழல் மரத்துக்கும், உட்காரத் திண்ணைக்கும், பூக்காரம்மாவுக்கும் வரைபடத்தில் இடம் ஒதுக்குங்கள்.