வண்டிக்கு உங்களைத் தெரியவில்லை

கேள்வி: செல்ஃப் நன்றாக அடிக்கிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. விடியற்காலையில் இறால் பெட்டிகளோடு பொன்னேரி போக வேண்டிய கார். பேட்டரி என்கிறார் மாமா. பெட்ரோல் பம்ப் என்கிறார் மச்சான். யாரை நம்புவது?
(கோட்டைக்குப்பம் வாசகர்)

பதில்: உறவைப் பகைத்துக்கொள்ளாமல் முதலில் மீட்டர் போர்டைப் பாருங்கள். சாவிச் சித்திரமோ பூட்டுச் சித்திரமோ பொறித்த சிறு விளக்கு, சாவியைத் திருப்பிய சில விநாடிகளில் அணைய வேண்டியது, அணையாமல் மினுக்கிக்கொண்டே இருக்குமாயின், உங்களை வண்டிக்கு அடையாளம் தெரியவில்லை என்றே கொள்ள வேண்டும். பழவேற்காட்டு ஏரியில் பாடு முறைப்படி, தலைக்கட்டுப் பட்டியலில் பெயருள்ளவர்தாமே தம் முறை வரும்போது வலையிடலாம்? வண்டியின் கணினியும் அப்படியொரு பட்டியல் வைத்திருக்கிறது. சாவியின் தலைக்குள் புதைந்திருக்கும் சில்லு, தனக்கென்று பேட்டரி இல்லாமலே, சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச் சுருளிலிருந்து சக்தி பெற்றுத் தன் சங்கேத எண்ணைச் சொல்லும். அது பட்டியலில் இருந்தால்தான் பெட்ரோலும் தீப்பொறியும் இன்ஜினுக்குக் கிடைக்கும். இல்லையேல் செல்ஃப் வீணாகச் சுழலும், அல்லது இன்ஜின் பிடித்து இரண்டொரு விநாடியில் அணையும்.

இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள். அதில் ஓடினால் குற்றம் முதற்சாவியுடையது. ஒரே வளையத்தில் வேறொரு சில்லுச் சாவி தொங்கினால் கழற்றிவிட்டு முயலுங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் காட்ட வேண்டிய பேட்டரி 12-க்குக் கீழே இறங்கியிருந்தாலும் கணினி சாவியைப் படிக்கத் தடுமாறக் கூடுமாதலால், மாமாவின் வாக்கில் பாதி சத்தியம் உண்டு.

ஆயினும் நம் பிரதேசத்தில் நான் அதிகம் சந்தேகிப்பது உப்பையே. ஒருபுறம் கடலும் மறுபுறம் ஏரியுமாக வீசும் காற்றுக்கு, இறால் பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீரும் துணை சேர்ந்தால், தரைவிரிப்பின் அடியிலும் ஸ்டீயரிங்கின் கீழும் உள்ள இணைப்புகளின் செப்பு ஊசிகளில் பச்சைக் களிம்பு பூத்துவிடும். வயர் முழுதாகவே இருக்கும், செய்தி மட்டும் போய்ச் சேராது. பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு, கான்டாக்ட் கிளீனர் தெளித்து, மெல்லிய பிரஷால் தேய்த்து, நன்றாக உலரவிட்டு மாட்டுங்கள். மஞ்சள் நிற இணைப்புகள் காற்றுப்பைக்கு உரியவை. அவற்றைத் தொட வேண்டாம்.

கேள்வி: கடைத்தெருவில் வெட்டிய டூப்ளிகேட் சாவி கதவைத் திறக்கிறது, வண்டியை மட்டும் கிளப்பவில்லையே?
(ஜமீலாபாத் வாசகி)

பதில்: அம்மா, அவர் வெட்டித் தந்தது இரும்பை மாத்திரமே. கதவுக்குப் பல்வரிசை போதும். இன்ஜினுக்குச் சில்லு வேண்டும், அந்தச் சில்லைக் கணினியில் பதிவு செய்யவும் வேண்டும். ஆர்.சி. புத்தகத்தோடு டீலரிடம் போங்கள்.

கேள்வி: சாவியை அடையாளம் பார்க்கும் இந்தத் தொல்லையையே பிடுங்கி எறிந்துவிடலாம் என்கிறார் மெக்கானிக்.
(அண்ணாமலைச்சேரி வாசகர்)

பதில்: வேண்டாம். இரண்டு வயரை உரசி வண்டியைக் கிளப்பிப் போகும் திருட்டு வித்தையைச் செல்லாமற் செய்த சாதனம் இது. ஐரோப்பாவில் 1998 முதல் புதிய கார்கள் அனைத்திற்கும் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். வெட்டிய ஒவ்வொரு வயர் முனையும் உப்புக்குப் புதிய வாசல். ஸ்கேனர் உள்ள பணிமனையில் பிழைக் குறியீட்டைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். சாவியா, சுருளா, கணினியா என்று பெரும்பாலும் அதிலேயே விளங்கிவிடும்.