காட்டுக்குதிரையும் கருவடிக்குப்பத்துக்காரனும்

எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பெருமைக்குக் குறைவில்லை. பாரதியார் ‘குயில் பாட்டு’ பாடக் காரணமான தோப்பு எங்கள் சித்தானந்த சுவாமி கோயில் பக்கம்தான். நாடக ஆசான் சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதியும் புதுச்சேரியில் உள்ள எங்கள் கருவடிக்குப்பத்தில்தான். இங்கேயே பிறந்து வளர்ந்தும் நான் இதுவரை ஒரு குயிலைக் கண்ணால் கண்டதில்லை. கூவுகிறதே என்று அண்ணாந்து பார்த்தால் காக்காய்தான் உட்கார்ந்திருக்கும். இப்பேர்ப்பட்டவனுக்குக் காட்டுக்குதிரை பார்க்கும் ஆசை வரலாமா? வந்தது.

முதலில் நெடுந்தீவுக்குப் போவதாகத்தான் டீக்கடையில் அறிவித்தேன். போர்த்துக்கீசியர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வாரிசுகள் யாழ்ப்பாணத்துக்கு அப்பால் உள்ள அந்தத் தீவில் இன்றும் திரிகின்றன. பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்தபோதுதான் அது எப்போதோ காலாவதியாகிவிட்டது தெரிந்தது. சொன்ன வாய்க்கு மரியாதை வேண்டுமே! ஏறக்குறைய 200 கிலோமீட்டரில் கோடியக்கரை இருக்கிறது; அங்கேயும் காட்டுக்குதிரைகள் உண்டு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்புச் சதுப்பு. அதுவும் முக்கால் தீவுதான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வழியெல்லாம் ‘பொன்னியின் செல்வன்’ நாவல் நினைப்புத்தான். வந்தியத்தேவன் குதிரையில் வந்திறங்கிய கரையில், பிடரி மயிர் பறக்கப் புரவிகள் பாய்ந்து வரும் என்று மனசுக்குள் படம் ஓடியது. வேதாரண்யம் தாண்டி, 1930இல் ராஜாஜி உப்பள்ளிய அகஸ்தியம்பள்ளியையும் கடந்து, நான் போய் இறங்கியது நட்டநடு மத்தியானம். துணைக்கு வந்த உள்ளூர்ப் பெரியவர் வெயிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “காலைல வரக் கூடாதா தம்பி? இந்நேரம் எல்லாம் நிழலுக்குள்ள போயிருக்கும்.”

சும்மா நடந்திருக்கலாம். இங்கே திரியும் குதிரைகள் சோழர் படைக்குதிரைகளின் வம்சமாக இருக்கும் என்று அவருக்கு நான் ஒரு பிரசங்கம் செய்தேன், ஆதாரம் எதுவும் இல்லாமல். முழுக்கக் கேட்டுவிட்டு, “அப்படியா? ஊருல வளர்த்து அவுத்துவிட்ட மட்டக்குதிரைங்க பெருகிடுச்சுன்னுதான் எங்க பக்கம் சொல்வாங்க” என்றார். குரலில் துளி கேலி இல்லை. அதுதான் அதிகம் வலித்தது.

ராமர் பாதம் போகிற வழியில் முறுக்கிய கொம்போடு ஒரு கலைமான் நின்றது. முதுகு கருப்பு, வயிறு வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். “மான் கிடக்கட்டும், குதிரை எங்கே ஐயா?” என்றேன். “தம்பி, 1967ல இந்தச் சரணாலயத்தையே இதுக்காகத்தான் ஏற்படுத்துனாங்க. இதுங்க மேயுற புல்லுலதான் குதிரையும் பங்குக்கு வருது.” அதற்குள் மான் போய்விட்டது.

கடைசியில் குதிரை வந்தது. உயரம் என் மார்புக்குக் கீழே. தொந்தி என்னுடையதைப் போலவே. வாலில் சீமைக்கருவேல முள் சிக்கியிருந்தது. என்னைச் சட்டையே செய்யாமல் புல்லைக் கரகரவென்று கடித்தது. பக்கத்தில் போய்ப் படம் எடுக்க எண்ணி ஒரு காலை எடுத்து வைத்தேன்; முழங்கால்வரை சேற்றில் போயிற்று. கதையில் சேற்றுப் பள்ளத்தில் விழுந்த வந்தியத்தேவனை இழுத்துவிடப் பூங்குழலி இருந்தாள். என்னைப் பெரியவர் அக்குளைப் பிடித்துத் தூக்கினார். செருப்பு வரவில்லை. படத்தில் விழுந்தது குதிரையின் பின்புறமும் என் கட்டைவிரலும்.

ஊர் திரும்பியதும் டீக்கடையில் கேட்டவர்களிடம், ‘கஜா புயலுக்கு அப்புறம் குதிரைகள் குறைந்துபோச்சு’ என்று பேச்சை மாற்றினேன். 2018 நவம்பரில் அந்தப் புயல் கோடியக்கரைக் காட்டைச் சூறையாடி, மான்களையும் குதிரைகளையும் வாரிக்கொண்டு போனது உண்மைதான். ஆனால் என் படம் பாழானதற்கும் கஜாவுக்கும் சம்பந்தமில்லை.

நீங்கள் போவதாக இருந்தால் விடிகிற நேரத்துக்குப் போய்விடுங்கள், வாரோடு கட்டுகிற செருப்பாகப் போட்டுக்கொண்டு. மான் எதிரே வந்தால் தயவுசெய்து நின்று பாருங்கள்.