உபபு, பருபபு

விடிந்தால் மஞ்சள் நீராட்டு விழா. பெயர்ப்பலகைக்கு எழுத்து வெட்டித் தருகிறேன் என்று அட்வான்ஸும் வாங்கியாகிவிட்டது. ராத்திரி பத்து மணிக்கு ஸ்டிக்கர் ஷீட்டை ஏற்றிப் பட்டனை அழுத்தினால், புதிய அப்டேட் வந்திருக்கிறதாம், அதை இறக்காமல் கத்தி நகராதாம். இறக்கி முடித்தால் பாஸ்வேர்டு. பாஸ்வேர்டு கொடுத்தால் ஓடிபி. ஓடிபி வர வேண்டுமானால் சிக்னல் வேண்டும், சிக்னலுக்கு மொட்டைமாடி ஏற வேண்டும். கீழே இறங்கி வருவதற்குள் ஓடிபி காலாவதி. கத்தரிக்கோலுக்கு இத்தனை வருஷத்தில் யாராவது ஓடிபி கேட்டதுண்டா?

உங்கள் வீட்டிலும் இப்படி எழுத்து வெட்டுகிற மெஷின் ஒன்று இருக்கும். இல்லையென்றால் வாங்கலாமா என்று ராத்திரியில் வீடியோ பார்த்துக்கொண்டிருப்பீர்கள். மணமேல்குடியிலிருந்து மீமிசல் வரைக்கும் இருக்கிற எங்கள் சொந்தக்காரப் பெண்கள் அத்தனை பேரும், "அக்கா, எந்த மெஷின் வாங்கலாம்?" என்று கேட்டுவிட்டார்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்த வர்க்கம் வளர்ந்த கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

1977இல் அமெரிக்காவில் எலிசன் என்ற கம்பெனி பள்ளிக்கூட டீச்சர்களுக்காக ஒரு மெஷின் கொண்டுவந்தது. அச்சை வைத்து, காகிதத்தை வைத்து, கைப்பிடியை அழுத்தினால் எழுத்து வெட்டுப்பட்டு விழும். கரண்ட் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். 2001இல் அதையே சிறிதாக்கி, சிசிக்ஸ் என்ற பெயரில் வீட்டு மேஜைக்குக் கொண்டுவந்தார்கள். நியாயமாக அதோடு நிறுத்தியிருக்கலாம். 2006 வாக்கில் ப்ரோவோ கிராஃப்ட் என்ற கம்பெனி கிரிகட்டைக் கொண்டுவந்தது. கத்தி தானாக ஓடும். ஆனால் எந்த எழுத்து, எந்தப் பூ வேண்டுமானாலும் அதற்கென்று ஒரு கார்ட்ரிட்ஜை விலை கொடுத்து வாங்க வேண்டும். சொந்த டிசைனை வெட்ட வழி செய்து கொடுத்த வெளி சாஃப்ட்வேர்காரர்கள் மேல் கேஸ் போட்டார்கள். 2013இல் பிரதர் கம்பெனி ஸ்கேனரையும் சேர்த்தே வைத்து ஸ்கேன்என்கட் என்று விட்டது. கம்ப்யூட்டர் இல்லாமலே வேலை செய்யும். உருப்படியான யோசனை என்றால் இது ஒன்றுதான். 2014இல் கிரிகட் எக்ஸ்ப்ளோர் வந்தபோது கார்ட்ரிட்ஜ் கட்டாயமில்லை என்றார்கள். சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போதே எல்லாம் இணையத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. 2021 மார்ச்சில், சந்தா கட்டாதவர்கள் மாதத்துக்கு 20 டிசைன்தான் ஏற்றலாம் என்று அறிவித்தார்கள். வாங்கியவர்கள் போட்ட சத்தத்தில் அந்த மாதமே பின்வாங்கினார்கள். காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைத்திருக்கிற மெஷினுக்கு ரேஷன்!

போகட்டும். இதில் எந்த மெஷினாவது புள்ளிக்கு வழி சொல்லியிருக்கிறதா?

புள்ளியைச் சொல்கிறேன், மெய்யெழுத்தின் தலையில் இருக்கிற புள்ளியை. கத்தி ஸ்டிக்கரை மட்டும் கீறும், அடித்தாளைத் தொடாது. பிறகு வேண்டாத பாகத்தை நாம்தான் ஊசியால் நெம்பி உரித்தெடுக்க வேண்டும். இந்த வேலை அன்றைக்கும் கைவேலை, இன்றைக்கும் கைவேலைதான். டப்பாவில் ஒட்டுகிற அளவு எழுத்துக்குப் புள்ளி ரவை அளவுதான் இருக்கும். அதற்குப் பசை எங்கே இருந்து வரும்? உரிக்கிற கழிவோடு கழிவாக அதுவும் கிளம்பிப் போய்விடும். உப்பு 'உபபு' ஆகிறது. பருப்பு 'பருபபு' ஆகிறது. சர்க்கரை 'சரககரை', வெந்தயம் 'வெநதயம'. மல்லித்தூளை நீங்களே எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள். இப்படி ஒரு வட்டாரமே என் அடுக்களை அலமாரியில் குடியேறிவிட்டது.

கடுகு, மிளகு, புளி, கருவாடு, இந்த நாலும் தங்கமான பெயர்கள். புள்ளியே கிடையாது, உரித்தால் சுத்தமாக வரும். அதனாலேயே கருவாட்டுக்கு மட்டும் எங்கள் வீட்டில் பெரிய டப்பா, சின்ன டப்பா, ஊருக்குக் கொடுத்தனுப்புகிற டப்பா என்று எல்லாவற்றிலும் பெயர் ஒட்டியிருக்கிறேன். மூடியைத் திறக்காமலே தெருவுக்கே தெரிகிற சாமானுக்குப் பெயர் எதற்கு என்று மாமியார் கேட்டார்.

ஓலையில் எழுதியவர்கள் புள்ளியே வைக்க மாட்டார்களாம், எழுத்தாணி குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும் என்று. அவர்களுக்கு அது சௌகரியம். எ, ஒ தலையிலும் புள்ளி இருந்ததாகவும், அதை வீரமாமுனிவர் எடுத்துவிட்டதாகவும் சொல்வார்கள். எடுத்ததுதான் எடுத்தார், மிச்சத்தையும் சேர்த்து எடுத்திருக்கக் கூடாதா? எங்கள் ஊர்ப் பெயரிலேயே மூன்று புள்ளி. பெரிதாக வெட்டினால் புள்ளி நிற்கும் என்பார்கள். நிற்கும். ஆனால் கடல்காற்றில், ஷீட்டை ஒட்டிவைக்கிற 'மேட்' விரிப்பின் பசை செத்துப்போய், பாதி வெட்டிலேயே ஷீட் நகர்ந்துவிடும். பிறகு புள்ளி 'ப'வுக்கு மேலே இல்லாமல் அடுத்த எழுத்தின் தோளில் உட்கார்ந்திருக்கும். அதற்குப் புள்ளி இல்லாமலே இருக்கலாம்.

வீட்டுக்காரருக்கு விசைப்படகு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வலைக்கண்ணி பார்க்கிற விரல், புள்ளி எடுக்கத் தோதாக இருக்குமே என்று ஊசியைக் கையில் கொடுத்தேன். டப்பாவுக்கு வெட்டிய 'மஞ்சள்' என்ற ஒரு சொல் முடிவதற்குள் எழுந்து படகுக்குப் போய்விட்டார். அங்கே பெயிண்டர் படகின் பெயரை எழுதிக்கொண்டிருந்தாராம். பிரஷ்ஷை ஒரு தட்டு தட்டினார், புள்ளி விழுந்தது, இதற்குப் போய் மெஷினா என்று திரும்பி வந்து என்னிடமே சொல்கிறார்.

இதற்கிடையில் மாமியார் உப்பு டப்பாவைச் சரிசெய்துவிட்டார். 'உபபு' என்பதைப் பார்த்துக்கொண்டே சமைக்கப் பிடிக்கவில்லையாம். நிலைக்கண்ணாடியில் ஒட்டிவைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டில் ஒன்றை உரித்து 'ப' தலையில் வைத்துவிட்டார். நீல எழுத்து, அரக்குப் பொட்டு. வெல்வெட் ஷீட்டில் அச்சு வைத்து அழுத்தி வெட்டிய பொட்டு. அட்டையிலிருந்து நகத்தால் கிள்ளினால் வந்துவிடுகிறது, ஒட்டினால் நிற்கிறது. அது எந்த ஊரில் வெட்டுப்பட்டதோ, அங்கே யாரும் மொட்டைமாடி ஏறியிருக்க மாட்டார்கள்.

ஓடிபிக்கு மொட்டைமாடி ஏறிய அன்றைக்கு ராத்திரி விழாப் பலகையையும் அப்படியே முடித்தேன். 'மஞ்சள் நீராட்டு விழா'வுக்கு மூன்று பொட்டு, அரக்கு நிறம். காலையில் வாங்க வந்த அம்மா பலகையைக் கண் எடுக்காமல் பார்த்துவிட்டு, "இந்தப் பொட்டு டிசைன் மெஷின்லயே வருதா?" என்றார். வருகிறது என்றேன். அதற்குத் தனி ரேட்.