நிற்றலும் நிற்றல் நிமித்தமும்

ஐந்திணை வகுத்த முன்னோர் அமெரிக்க ராப் வீடியோக்களைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் ஆறாவதாக ஒன்றையும் வகுத்திருப்பார்கள் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. 1995 முதல் 2006 வரை வெளிவந்து எம்டிவியில் சக்கைப்போடு போட்ட பாப்-ராப் வீடியோக்களே ஆய்வின் எல்லை. சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பதே ஆய்வு நெறி. பாட்டு கேட்டால் தலை ஆடும்; தலை ஆடினால் ஆய்வு கெடும்.

முதற்பொருளில் சிக்கல் ஏதுமில்லை. நிலம், நீச்சல்குளமும் குளம் சார்ந்த இடமும். பெரும்பொழுது, முதுவேனில். சிறுபொழுது, நண்பகல் அல்லது நள்ளிரவு. இத்திணையில் எவரும் காலையில் எழுந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை.

கருப்பொருளுக்கு வருவோம். மரம், மியாமிச் சாலையோரத்துப் பனை வகை. பறவை, ஹெலிகாப்டர். விலங்கு, கூரை திறந்த கார். பறை, பேஸ். தொழில், ஷாம்பெயினைப் பீய்ச்சுதல். உணவு என்ற இடத்தைக் காலியாக விட வேண்டியிருக்கிறது. இருநூறு பேர் கூடிய விருந்தில் ஒருவர் கையிலும் தட்டு இல்லை. பந்தி எப்போது என்று கேட்கவும் ஆளில்லை.

தெய்வம், கம்பெனி முதலாளி. பேட் பாய் நிறுவனத்தின் அதிபர் பஃப் டாடி, தன் நிறுவனத்துக் கலைஞர்கள் பாடும்போதெல்லாம் பின்னால் ஆடிக்கொண்டிருப்பார். 1995 ஆகஸ்டில் நியூயார்க்கில் நடந்த சோர்ஸ் விருது விழாவில், போட்டி நிறுவனமான டெத் ரோவின் ஷுக் நைட் மேடையேறி, வீடியோ முழுக்க வந்து ஆடும் தயாரிப்பாளர் வேண்டாம் என்பவர்கள் தன்னிடம் வரலாம் என்ற பொருளில் பேர் சொல்லாமல் குத்தினார். பகை முற்றியது பிற்காலச் சரித்திரம். ஆனால் எங்கும் நிறைந்திருப்பதுதானே தெய்வத்துக்கு இலக்கணம்? நைட் இதைக் கவனிக்கத் தவறிவிட்டார்.

இனி உரிப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் எதுவும் இங்கே பொருந்தாது. இத்திணைக்கு உரியது நிற்றல். கார் இருக்கிறது, அதன்மேல் சாய்ந்து நிற்கிறார்கள். குளம் இருக்கிறது, கரையில் நிற்கிறார்கள். மாளிகை இருக்கிறது, படிக்கட்டில் நிற்கிறார்கள். எந்தப் பொருளும் அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்குப் பயன்படுவதில்லை. பக்கத்தில் ஒருவர் நிற்பதற்காகவே அது கொண்டுவரப்பட்டிருக்கிறது.

மறுப்பாளர்கள் 1997இல் வந்த, பால் ஹன்டர் இயக்கிய ‘ஹிப்னடைஸ்’ வீடியோவைக் காட்டுவார்கள். அதில் படகு ஓடுகிறது, ஹெலிகாப்டர் துரத்துகிறது, காரும் பறக்கிறது. உண்மைதான். ஆனால் கார் போவது ரிவர்ஸில். நின்ற இடத்துக்கே திரும்பும் முயற்சி அது என்பது எம் முடிபு.

அதே ஆண்டு ஹைப் வில்லியம்ஸ் இயக்கிய ‘மோ மனி மோ ப்ராப்ளம்ஸ்’ இன்னும் வலுவான மறுப்பு. பஃப் டாடி கோல்ஃப் ஆடி ஜெயிக்கிறார். அந்த ஏப்ரலில் மாஸ்டர்ஸ் பட்டத்தைப் பன்னிரண்டு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்ற டைகர் உட்ஸின் நகல். ஆயினும் உலக விளையாட்டுகளில் அதிக நேரம் நிற்கக் கிடைப்பது கோல்ஃபில்தான். தேர்வு தற்செயலானதன்று. பாட்டின் உண்மையான தலைவர் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. அந்த மார்ச்சிலேயே லாஸ் ஏஞ்சலஸில் சுடப்பட்டு இறந்துவிட்டார். மற்றவர்கள் பளபளக்கும் சிவப்பு உடையில் துள்ள, அவர் பழைய பதிவுகளில் மட்டும் வந்துபோகிறார். இந்த ஓரிடத்தில் திணைக் கோட்பாடு வாயடைத்து விடுகிறது.

வில்லியம்ஸின் மீன்விழி வில்லையைத் தனியே ஆராய வேண்டும். நீருக்குள் இருக்கும் மீனுக்கு மேலுலகம் எப்படித் தெரியும் என்று 1906இல் யோசித்தவர் ராபர்ட் உட் என்ற இயற்பியலாளர். அந்த வளைந்த பார்வையைத் தரும் வில்லை, அருகில் இருப்பதைப் பூதாகரமாக்கும், பின்னால் இருப்பதைச் சுருட்டி ஒதுக்கும். பாடகர் நின்ற இடத்தில் நிற்க, மோதிரக் கை மட்டும் கேமராவை நோக்கி வந்தால், மோதிரம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வீங்கும், மாளிகை குருவிக்கூடாகும். ஓரடி எடுத்து வைக்காமலே பெரும் செயல் புரிந்த தோற்றம் கிடைத்துவிடும். குளத்தில் ஏன் யாரும் இறங்குவதில்லை என்பதும் இப்போது விளங்கும்: அது காலியாக இல்லை, உள்ளிருந்து அண்ணாந்து பார்க்கும் மீன் ரசிகன்தான். ராப் பாடகி மிஸ்ஸி எலியட் மட்டும் இதைப் புரிந்துகொண்டு விளையாடினார். 1997இல் ‘தி ரெய்ன்’ பாட்டுக்கு அவர் காற்றடைத்த கறுப்பு உடையில் வந்தார். எதை வேண்டுமானாலும் ஊதிப் பெருக்கும் வில்லைக்கு முன்னால், ஏற்கெனவே ஊதிய நிலையில் போய் நின்றார். இத்திணையில் நகைச்சுவை உணர்வோடு நின்றவர் அவரே.

நமக்கு முன்பே இத்திணைக்கு உரையெழுதியவர்கள் உண்டு. 1996இல் தி ரூட்ஸ் குழுவின் ‘வாட் தே டூ’ வீடியோவில், இயக்குநர் சார்ல்ஸ் ஸ்டோன், காட்சியின் மேலேயே உரைக்குறிப்புகளை ஓடவிட்டார். மாளிகை வரும், அது ஒருநாள் வாடகை என்று குறிப்பு வரும். ஷாம்பெயின் வரும், அது இஞ்சிச் சோடா என்று வரும். பதவுரை, பொழிப்புரை எல்லாம் அடங்கிவிட்டன. உரையாசிரியர் நச்சினார்க்கினியர்கூட மூலத்தை இப்படி மானபங்கம் செய்ததில்லை.

ஸ்டோன் தொடாமல் விட்டது ஒன்றுண்டு: அந்த வாடகை யார் தலையில்? வீடியோச் செலவில் பெரும்பங்கைக் கம்பெனி முன்பணமாகக் கொடுத்து, பிறகு பாடகரின் ராயல்டியில் கழித்துக்கொள்வதே அத்தொழிலின் வழக்கம். ஆக, குளிக்காத குளத்துக்கும் ஓட்டாத காருக்கும் பணம் கட்டியவர், கரையில் கைகட்டி நின்ற அதே தலைவர். நிற்றல் நிமித்தம் என்று நாம் கொண்டது இதையே.

கடைசிச் சான்று ஒரு பாட்டிலைப் பற்றியது. கிரிஸ்டல் என்ற ஷாம்பெயின் 1876இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டருக்காகச் செய்யப்பட்டது. 1990களில் ராப் வீடியோவின் குலச்சின்னம். 2006இல் அதன் நிர்வாகி, இந்த வாடிக்கையாளர்களைப் பற்றி ஒரு பத்திரிகைக்குச் சொன்ன பதில் இளக்காரமாகப்பட, ராப் பாடகர் ஜே-ஸி அதைப் புறக்கணிப்பதாக அறிவித்தார். அதே ஆண்டு மொனாக்கோவில் எடுத்த ‘ஷோ மீ வாட் யூ காட்’ வீடியோவில் கிரிஸ்டலைக் கையசைத்துத் திருப்பி அனுப்புகிறார். தங்கநிற பாட்டில் ஒன்று வருகிறது. அந்த வீடியோவில் கார்ப் பந்தயமும் உண்டு. ஸ்டியரிங் பிடிப்பவர்கள் தொழில்முறை ஓட்டிகளான டேல் எர்ன்ஹார்ட் ஜூனியரும் டேனிகா பேட்ரிக்கும் என்பதால் கோட்பாட்டுக்குச் சேதமில்லை.

அந்தத் தங்க பாட்டில் ஆர்மான் டி ப்ரின்யாக் என்ற ஷாம்பெயின். 2014இல் ஜே-ஸி அந்த பிராண்டையே வாங்கினார். 2021இல் அதில் பாதியை மொயெட் ஹென்னஸி நிறுவனத்துக்கு விற்றார். இத்திணையில் நின்றதற்கு வாடகை கட்டியவர்கள் ஏராளம். வாடகை வசூலித்தவராக எமக்குத் தெரியவந்தவர் இவர் ஒருவரே.