கத்தரிக்காய் தந்த ஊதா

"படம் கீறுறவளுக்கு ஏன் பிள்ளை உந்தத் தோட்டமும் குசினியும்?" என்று கேட்காத உறவினர் வவுனியாவில் எனக்கு இல்லை. அவர்கள் கணக்கில் ஓவியர் என்றால் தூரிகையும் கையுமாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நானும் பார்க்கிறேன். ஐப்பசி பிறந்தும் மழையைக் காணோம், கிணற்றில் வாளி அடி தட்டுகிறது, பயற்றங்கொடி வாடுகிறது என்றால் யார்தான் பார்க்கமாட்டார்கள்?

எங்கள் வளவின் முதல் விமர்சகர்கள் குரங்குகள். கொய்யாவில் ஒரு கடி. பிடிக்காவிட்டால் எறிந்துவிட்டு அடுத்த மரம். கொழும்பில் என் படங்களைப் பார்க்க வந்தவர்களில் சிலர் அந்த ஒரு கடி நேரம்கூட நிற்கவில்லை.

குளத்து மாலை வானத்துக்கு ஊதா சரிவராமல் நின்றபோது விடை சட்டிக்குள் கிடந்தது. கத்தரிக்காயைத் தண்ணீரில் அவித்தால் தோலின் ஊதா மெல்ல மண்ணிறத்துக்கு இறங்கும். கொதி எண்ணெயில் பொரித்தால் நிறம் ஓரளவு நிற்கும். அந்த இடைநிறம்தான் எனக்கு வேண்டியிருந்தது. மஞ்சள் பட்ட சட்டைக்குச் சவர்க்காரம் போட்டால் சிவக்கும், தேசிக்காய்ப் புளி விட்டால் திரும்ப மஞ்சளாகும் என்பதும் சமையலில் வந்த அறிவே.

"இரண்டும் சரிவராது" என்பவர்களுக்கு நான் ஏ9 வீதியைக் காட்டுவேன். இங்கிருந்து தெற்கே, தம்புள்ளை தாண்டி, மாத்தளைக்குச் சற்று முன்னால் அலுவிகாரை. அந்த ஊர்க் குடும்பத்துப் பத்திக் கலைஞர் ஈனா டி சில்வா (1922–2015), முதல் இலங்கையர் பொலிஸ்மா அதிபரின் மகள். கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா அமைத்த பெந்தோட்டை பீச் ஹோட்டலின் உட்கூரையைப் பத்திக் துணியால் நிறைத்தவர். பிறகு ஊர் திரும்பி, கிராமத்துப் பெண்களோடு பத்திக்கும் தையற்பூ வேலையும் நடத்தினார். கூடவே குசினியும் நடந்தது. வந்தவர்களுக்குச் சோறும் மேசை நிறையக் கறிகளும். அவரிடம் போய், "ஏன் அம்மா உந்தக் குசினி?" என்று கேட்க எங்கள் உறவினருக்குத் துணிவு வந்திருக்குமா?

என் வீட்டுக்கு வருகிறவர்களிடம் "படம் எப்படி?" என்று கேட்டால், "முருங்கையிலை வறை நல்லாயிருக்கு" என்கிறார்கள். நான் கோபிப்பதில்லை. வறைக்காக இன்னொரு தரம் வருவார்கள். படமும் இன்னொரு தரம் கண்ணில் படும்.

ஆகவே தங்கச்சிமாரே, படம் கீற ஆசையென்றால் முதலில் வளவில் நாலு கத்தரிக் கன்று வையுங்கள். படம் விலைப்படாவிட்டாலும் அன்றைக்குக் கறி இருக்கும்.