பின்னற்பூச்சிகளில் கால்குறைவு: ஒரு முன்னோட்ட ஆய்வு

பூச்சிக்கு ஆறு கால். விலங்கியலாளர் எவருக்கும் இதில் ஐயம் கிடையாது. நம் பழம்புலவர்களும் வண்டை 'அறுகால்' என்றே சொல்லிவைத்தார்கள். தொல்காப்பியர் மட்டும் மரபியலில் காலை விட்டுவிட்டு அறிவை எண்ணினார். தும்பிக்கு நான்கறிவு என்று கணக்கிட்டு நண்டுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். அவரும் அதன் காலில் கைவைக்கவில்லை. இவ்வளவு பெரியவர்கள் காத்துவந்த ஆறு என்ற எண், உல்லன் நூலும் குரோஷா ஊசியும் கூடிய இடத்தில் காணாமல் போய்விட்டது. கண்காட்சிக் கடைகளிலும் காரின் முன்கண்ணாடியிலும் பள்ளிப்பையின் ஜிப்பிலும் தொங்கும் பின்னற்பூச்சிகளை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். மஞ்சள் கறுப்புப் பட்டை போட்ட தேனீ ஓர் உருண்டை, கால் இல்லை. சிவப்பு உடம்பில் கறும்புள்ளி வைத்த பொறிவண்டு அரை உருண்டை, கால் இல்லை. வண்ணத்துப்பூச்சிக்கு இறகு நான்கும் உணர்கொம்பு இரண்டும் சரியாக இருக்கின்றன. அதற்கும் கால் இல்லை. அந்தக் கால்கள் எங்கே போயின என்பதே இவ்வாய்வின் வினா.

ஆய்வெல்லையை முதலில் வகுத்துவிடுவோம். சிலந்தியும் தேளும் எட்டுக்கால் இனம் என்பதால் விலக்கப்பட்டன. அவற்றைப் பின்னியவர்கள் மனம் வருந்த வேண்டாம். பஞ்சு அடைக்காத தட்டைப் பூச்சிகளும் விலக்கு. முன்னாய்வுகள் என்று பார்த்தால், நம் ஊரில் குரோஷா பற்றிய பேச்சு பெரும்பாலும் டிவி விரிப்போடு நின்றுவிடுகிறது. 1980களிலும் 90களிலும் நடுத்தரக் குடும்பங்களில் டிவி, ரேடியோ, தண்ணீர்ப்பானை என்று வீட்டில் அசையாமல் இருந்த எல்லாவற்றின் மீதும் குரோஷா விரிப்பு ஏறியது. அவை யாவும் கால் தைக்கத் தேவையில்லாத பொருள்கள். பஞ்சடைத்த பின்னல் பொம்மை ஜப்பானில் 'அமிகுருமி' என்ற பெயரில் வளர்ந்து உலகைச் சுற்றி நம் தெருவுக்கு வந்தபோதுதான் கால் ஒரு சிக்கலாக உருவெடுத்தது.

செய்முறையைச் சொல்லாமல் குற்றத்தை விளக்க இயலாது. நூலை விரலில் சுற்றி ஒரு வளையம் போட வேண்டும். நுனியைப் பிடித்து இழுத்தால் நடுவில் துளையே தெரியாமல் இறுகிக்கொள்ளும் வளையம். மாய வளையம் என்று பெயர். அதற்குள் ஆறு சிங்கிள் குரோஷே. (அமெரிக்கர்கள் சிங்கிள் என்பதைத்தான் ஆங்கிலேயர்கள் டபுள் என்கிறார்கள். எந்த நாட்டுக் குறிப்பு என்று பார்க்காமல் போட்டால் வண்டு நெட்டையாகி, கண்ணி இடுக்கில் பஞ்சு எட்டிப் பார்க்கும்.) அடுத்த சுற்றில் கண்ணிக்கு இரண்டு போட்டால் பன்னிரண்டு. அதற்கடுத்து ஒன்றுவிட்டு ஒன்றில் கூட்டினால் பதினெட்டு; பிறகு 24, 30, 36. சுற்றுக்கு ஆறு கூடுகிறது. வேண்டிய பருமன் வந்ததும் கூட்டாமல் சில சுற்று, பிறகு அதே ஆறாறாகக் குறைத்து, வாய் மூடுமுன் பஞ்சைத் திணித்தால் உருண்டை தயார்.

ஏன் ஆறு? இங்கேதான் அடுக்களையும் கணிதமும் கைகுலுக்குகின்றன. சிங்கிள் குரோஷே கண்ணியின் அகலமும் உயரமும் ஏறக்குறைய ஒன்று. ஒரு வட்டத்தின் ஆரம் ஒரு கண்ணி வளர்ந்தால் அதன் சுற்றளவு 6.28 கண்ணி வளர வேண்டும். கி.பி. 499ஐ ஒட்டி ஆரியபட்டர் இந்தக் கணக்கை முடித்துவைத்தார்: விட்டம் 20,000 என்றால் சுற்றளவு 62,832. குரோஷா போடும் பெண்கள் ஆறை மட்டும் எடுத்துக்கொண்டு மீதி 0.28ஐப் பஞ்சின் பொறுப்பில் விட்டுவிடுகிறார்கள். பஞ்சும் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்கிறது. பூச்சியின் கால் எண்ணிக்கையும் சுற்றுக்குக் கூட்டும் கண்ணி எண்ணிக்கையும் ஒன்றாக அமைந்தது தற்செயல் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். உடம்பெல்லாம் ஆறாறாகக் கூடி வளர்ந்த ஓர் உயிர், கடைசியில் தனக்குரிய ஆறைப் பெறாமலே போவது அநியாயம் என்று இவ்வாய்வாளர் பதிவுசெய்கிறார்.

ஆறுக்கு மேல் தாராளமாகக் கூட்டிக்கொண்டே போனால் பின்னல் கோஸ் இலை ஓரம் போல நெளிந்துகொள்ளும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த லாத்வியக் கணித அறிஞர் டைனா தைமினா 1997இல் இந்த நெளிவையே பிடித்துக்கொண்டார். வடிவியலில் 'ஹைபர்போலிக்' எனப்படும் தளத்தைக் குரோஷாவில் பின்னி மாணவர்கள் கையில் கொடுத்தார். இதைப் பற்றிய அவருடைய புத்தகத்துக்கு, 2009ஆம் ஆண்டின் விசித்திரமான தலைப்பு என்று டயக்ராம் பரிசும் கிடைத்தது. ஹிங்கே ஒசிங்கா என்ற கணித அறிஞரோ, வானிலை ஆய்விலிருந்து பிறந்த லோரன்ஸ் சமன்பாடுகளின் ஒரு பரப்பை 2004இல் 25,511 கண்ணிகளில் போட்டு முடித்தார். பிடித்த நேரம் 85 மணி. வியக்கத்தக்க பொறுமைதான். ஆனால் நம் ஆய்வுக்கு வேண்டிய குறிப்பு ஒன்று உண்டு: அந்தப் பரப்புக்குக் கால் கிடையாது.

இனி நிறம். காட்டில் பொறிவண்டின் சிவப்பு ஓர் எச்சரிக்கை. தின்ன வரும் பறவைக்கு 'கசப்பேன்' என்று சொல்கிறது. சொல்லியும் கேட்காமல் சீண்டினால் தன் கால் மூட்டுகளிலிருந்து கசப்பான மஞ்சள் திரவத்தைக் கசியவிடும். காலே இல்லாத பின்னற்பொறிவண்டு எங்கிருந்து கசியவிடும் என்று எந்தப் பொம்மை நூலும் கேட்டதில்லை. வீட்டில் நிறத்தைத் தீர்மானிப்பது எச்சரிக்கையோ மறைவோ அல்ல, மீந்த நூல். பேரனின் ஸ்வெட்டரில் மிஞ்சிய ஊதா, வாசல் தோரணத்தில் மிஞ்சிய கிளிப்பச்சை, யாரோ பாதியில் விட்ட தொப்பியின் ஆரஞ்சு: இவை மூன்றும் சேர்ந்து இயற்கை கனவிலும் காணாத ஒரு வண்டை உண்டாக்குகின்றன. நிறம் மாற்றுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. முந்தைய கண்ணியின் கடைசி இழுப்பிலேயே புது நிறத்தை ஊசியில் ஏற்றிவிட வேண்டும். தவறினால் ஒரு கண்ணி பாதி மஞ்சளும் பாதி கறுப்புமாக நின்று, பின்னியவர் புதியவர் என்று ஊருக்குச் சொல்லும்.

பொன்வண்டின் மின்னல் பச்சையை மட்டும் எந்த நூலும் எட்டவில்லை. தீப்பெட்டிக்குள் இலை கிள்ளிப் போட்டு, பொன்வண்டு முட்டையிடுமென்று காத்திருந்த தலைமுறைக்கு அந்தப் பச்சை தெரியும். அது சாயம் அல்ல. இறகுறையின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் தோன்றும் நிறம். அதனால்தான் வண்டு செத்துப் பல பத்தாண்டுகள் ஆனாலும் மங்குவதில்லை. 1888இல் லண்டன் லைசியம் அரங்கில் மெக்பெத் சீமாட்டியாக நடித்த எலன் டெரிக்கு உடை செய்தவர்கள் இதைப் புரிந்துகொண்டவர்கள். பச்சை உல்லன் நூலும் நீல ஜிகினா நூலும் சேர்த்து உடையைக் குரோஷாவில் போட்டார்கள். அதன் மேல் பொன்வண்டு இனத்தின் இறகுறைகளை ஆயிரம் என்ற கணக்கில் வைத்துத் தைத்தார்கள். ஓவியர் சார்ஜென்ட் அந்தக் கோலத்தில் அவரை வரைந்த படம் லண்டன் டேட் கூடத்தில் இருக்கிறது. குரோஷாவும் வண்டும் இவ்வளவு நெருங்கிக் கலந்த வேறொரு பொருளை இவ்வாய்வாளர் அறியார். அங்கேயும் பாருங்கள்: ஆயிரம் இறகு, ஒரு கால்கூட இல்லை. வண்டிலிருந்து எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்ற கேள்விக்கு அன்றே பதில் எழுதப்பட்டுவிட்டது.

களத்துக்கு வருவோம். முதல் தகவலாளி எங்கள் தெருவில் குரோஷா போடுகிற ஓர் அத்தை. மடியில் கால் இல்லாத பச்சை வண்டு.

"ஏன் அத்தை, இதுக்குக் காலே வைக்கலையே?"

"அது உக்காந்திருக்குப்பா. கால மடக்கி உள்ள வச்சிருக்கு."

பக்கத்தில் இருந்த மருமகள் வேறொரு கொள்கையை முன்வைத்தார். "கால் வச்சா நெஜப் பூச்சி மாதிரி ஆயிடும் அண்ணா. கொழந்த பயந்துக்கும்." கல்லூரி போகும் பெண்ணிடம் கேட்டதற்கு, "இப்படித்தான் க்யூட்டா இருக்கு" என்று பதில் வந்தது. உட்காரல் கொள்கை, அச்சக் கொள்கை, க்யூட் கொள்கை என்று மூன்றையும் நடுநிலையோடு பரிசீலித்தோம். பிறகு வண்டைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தோம். மடக்கிய கால் எதுவும் இல்லை. ஆனால் அத்தையின் நூல் டப்பாவைத் திறந்தபோது உண்மை வெளியே வந்தது. உள்ளே தனியாக ஒரே ஒரு பச்சைக் கால் கிடந்தது.

இதுவே இவ்வாய்வின் மையச் சான்று. ஒரு கால் பின்னுவதென்றால் மறுபடி மாய வளையம், மறுபடி ஆறு கண்ணி, கூட்டாமல் நான்கைந்து சுற்று, தைப்பதற்கு நீளமாக வால் விட்டு வெட்டு. பொடி வேலை, ஊசியைப் பிடித்த விரலுக்கு இடமே இருக்காது. இப்படி ஆறு. அதன்பின் குண்டூசி குத்தி இடம் பார்த்து, இடமும் வலமும் ஒப்பிட்டு, தையலூசியில் நூல் கோத்து ஆறையும் உடம்போடு தைக்க வேண்டும். காலுறை பின்னுகிறவர்கள் ஒன்றை முடித்ததும் இன்னொன்றைத் தொடாமல் விட்டுவிடுவது உலகறிந்த நோய். அவர்களுக்கு மிச்சம் இருப்பது ஒன்றுதான். பூச்சிக்காரிக்கு மிச்சம் ஐந்து. எனவே இவ்வாய்வு முன்மொழியும் விதி: பின்னற்பூச்சியின் உடலமைப்பைத் தீர்மானிப்பது இயற்கைத் தேர்வு அல்ல, தையல் சோர்வு. முதலில் உதிர்வது கால்; பிறகு உணர்கொம்பு; இறகும் புன்னகையும் கடைசிவரை தாக்குப்பிடிக்கும், ஏனெனில் விற்பனை அவற்றை நம்பியிருக்கிறது.

இந்த விதிக்குக் கம்பளிப்பூச்சியைவிட நல்ல சாட்சி வேறில்லை. உண்மையான கம்பளிப்பூச்சிக்கு முன்பக்கம் மூன்று இணை கால்; பின்னால் பெரும்பாலும் ஐந்து இணை பொய்க்கால். மொத்தம் பதினாறு. அப்படியானால் பின்னுவதற்கு மிகக் கடினமான பூச்சி இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் குரோஷா கற்கும் சிறுமிக்கு முதல் பாடமாகக் கொடுக்கப்படுவது இதுதான். ஐந்தாறு வண்ண உருண்டை, வரிசையாகக் கோத்தால் முடிந்தது. தைக்க வேண்டிய கால் கூடக் கூட, தைக்கப்படும் கால் பூஜ்ஜியத்தை நோக்கி விரைகிறது.

எதிர்வாதம் எழாமல் இராது. குறைமாதக் குழந்தைகளின் பக்கத்தில் வைப்பதற்காக 2013இல் டென்மார்க்கில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியது குரோஷா ஆக்டோபஸ். எட்டுக் கை கொண்ட அதைத் தன்னார்வலர்கள் சளைக்காமல் போடுகிறார்களே, சோர்வு எங்கே என்று கேட்கலாம். ஆக்டோபஸின் கையைத் தனியே பின்னித் தைப்பதில்லை. உடம்பின் கடைசிச் சுற்றிலிருந்தே செயின் இழுத்துத் திரும்பிப் போட்டால் அது தானாகச் சுருண்டு கையாகிவிடும். ஆகவே குற்றவாளி குரோஷா அல்ல, தையல்தான் என்பது இதனால் மேலும் உறுதிப்படுகிறது. இன்னொரு எதிர்வாதம் கொஞ்சம் கனமானது. 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் போர்வையைக் குரோஷாவில் அமைத்துக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். துண்டு துண்டாகப் போட்ட சதுரங்களை இணைத்து உருவான போர்வை அது. இணைக்க அஞ்சாத அந்தக் கைகளா காலுக்கு அஞ்சும்? அஞ்சாதுதான். கூட்டமாக உட்கார்ந்து பேசிச் சிரித்து இணைப்பது வேறு. அடுப்படி வேலையெல்லாம் முடித்து, பத்தரை மணிக்குத் தனியாக டியூப்லைட் அடியில் ஐந்தாவது காலுக்கு நூல் கோப்பது வேறு. விதியில் 'தனிமையில்' என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்கிறோம்.

ஒரு பின்னிணைப்பு, சற்று முறைப்பானது. திருப்பூரில் பனியன் துணி பின்ன இயந்திரம் உண்டு. கையால் போடும் குரோஷாவை அப்படியே போடும் இயந்திரம் தொழிற்சாலைகளில் கிடையாது. அந்தப் பெயரில் ஓடுபவை வேறு வகைப் பின்னலைக் கொண்டு பாவனை காட்டுகின்றன. ஆகவே கடையில் தொங்கும் ஒவ்வொரு அசல் குரோஷா வண்டுக்குப் பின்னாலும் ஒரு மனிதக் கை இருக்கிறது. அனேகமாகப் பெண்ணின் கை. ஆந்திரத்தின் நரசாபுரத்தில் குரோஷா லேஸ் போட்ட பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982இல் எழுதிய நூல், ஏற்றுமதிக்குப் போன அந்த உழைப்பு எப்படி 'வீட்டுப் பெண்களின் ஓய்வுநேர வேலை' என்ற கணக்கில் மலிவாக எடுக்கப்பட்டது என்பதை விரித்துச் சொல்கிறது. அதே கணக்குதான் இன்றும் பொம்மைக் கடையில், "இத்தனூண்டு வண்டுக்கா நானூறு?" என்ற வடிவில் ஒலிக்கிறது.

எனவே வாங்குவோருக்கு ஒரு வேண்டுகோள். விலை கேட்பதற்கு முன் வண்டைத் திருப்பிப் போட்டுக் காலை எண்ணுங்கள். கால் இல்லையென்றால் உங்கள் சாமர்த்தியம்போல் பேரம் பேசிக்கொள்ளுங்கள். ஆறு இருந்தால் கேட்டதைக் கொடுத்துவிடுங்கள். ஆறும் வயிற்றில் பரவாமல், உயிருள்ள பூச்சிக்கு இருப்பதுபோல மார்புப் பகுதியிலேயே மூன்று இணையாகத் தைக்கப்பட்டிருந்தால், மேலே ஐம்பது ரூபாய் சேர்த்துக் கொடுங்கள்.